குழந்தைகளை ஆபீஸ் காப்பீட்டில் சேர்ப்பதா, அரசுத் திட்டத்தில் சேர்ப்பதா?

நவம்பர் பிறந்து, ஆண்டுக்கொருமுறை ஆபீஸ் காப்பீட்டை மாற்றிக்கொள்ளும் காலம் வந்தால், அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸாப் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும். "ஓபன் என்ரோல்மென்ட் ஆரம்பிச்சாச்சு. பசங்களை என் இன்ஷூரன்ஸ்லயே போடவா, ஸ்டேட் திட்டத்துல போடவா?" பதில்களும் உடனே குவியும். சும்மா கிடைப்பதை ஏன் விட வேண்டும் என்பார் ஒருவர். கிரீன் கார்டுக்குச் சிக்கல் வரும் என்று பயமுறுத்துவார் இன்னொருவர். அதில் நல்ல டாக்டரே கிடைக்க மாட்டார் என்று மூன்றாமவர் முடித்துவிடுவார். கேட்டவருடைய ஆபீஸில் குழந்தைகளுக்காக மட்டும் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் பேசிப் பயனில்லை. வேடிக்கை என்னவென்றால், நிறுவனங்களும் அதே எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. அரசு குழந்தைகளுக்குக் காப்பீடு தரத் தொடங்கியதும் நிறுவனங்களின் குடும்பக் காப்பீடு என்ன ஆனது என்பது முப்பது வருடங்களாக அங்கே பொருளாதார அறிஞர்கள் சண்டை போடும் விஷயம். அந்தச் சண்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் வீட்டுக் கணக்கு.

அரசுத் திட்டம் என்று பொதுவாகச் சொன்னாலும் அவை இரண்டு. 1965-இல் வந்த மெடிக்கெய்ட், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கானது. 1997-இல் வந்தது சிப் எனப்படும் குழந்தைகள் காப்பீட்டுத் திட்டம். மெடிக்கெய்டுக்குத் தகுதி பெற முடியாத அளவுக்குச் சம்பாதிக்கிறார்கள், ஆனால் தனியார் காப்பீடு வாங்கக் கை கடிக்கிறது என்ற இடைநிலைக் குடும்பங்களுக்காக அதைக் கொண்டுவந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியும் குடியரசுக் கட்சியின் ஓரின் ஹேட்சும் சேர்ந்து செனட்டில் முன்னின்று நடத்திய திட்டம் அது. கிளின்டன் கையெழுத்திட்டார். மாநிலத்துக்கு மாநிலம் பெயர் வேறு: நியூ ஜெர்சியில் ஃபேமிலிகேர், நியூயார்க்கில் சைல்ட் ஹெல்த் ப்ளஸ், ஜார்ஜியாவில் பீச்கேர், இல்லினாயில் ஆல் கிட்ஸ். நம்மவர்களில் பலர் ஐடியில் நன்றாகச் சம்பாதிப்பதால் இந்தப் பேச்சே தமக்கில்லை என்று நினைக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் செய்பவர், சிறு கம்பெனியில் கணக்கு எழுதுபவர், உணவகத்திலோ பெட்ரோல் பங்கிலோ வேலை பார்ப்பவர், மனைவிக்கோ கணவருக்கோ, குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லாத ஒற்றைச் சம்பள வீடு என்று பார்த்தால், தகுதி உள்ள தமிழ்க் குடும்பங்கள் நிறையவே இருக்கின்றன.

தகுதி என்பது எந்த மாநிலத்தில் வீடு என்பதைப் பொறுத்தது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 2025-இன் கூட்டாட்சி வறுமைக்கோடு ஆண்டுக்கு 32,150 டாலர். அதைப்போல எத்தனை மடங்குவரை அனுமதிப்பது என்பதை மாநிலம் தீர்மானிக்கிறது. டெக்சாஸில் சிப் வரம்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது 64,600 டாலரை ஒட்டி. ஒரு சிறிய சலுகைக் கழிவையும் சேர்த்தால் 66,000 சொச்சம். நியூ ஜெர்சியில் மூன்றரை மடங்கு, 1,14,000 டாலர். நியூயார்க்கில் நான்கு மடங்கு, 1,30,000-ஐ ஒட்டி. ஆக 80,000 டாலர் சம்பளத்தில் இரண்டு குழந்தைகளோடு நியூ ஜெர்சியின் எடிசனில் இருப்பவருக்கு இந்தக் கட்டுரை முழுவதும் பொருந்தும். அதே சம்பளத்தில் டாலஸில் இருப்பவருக்கு அநேகமாக ஆபீஸ் காப்பீடுதான் வழி. ஒருவர் வாங்கும் சம்பளத்துக்கு ஹட்சன் ஆற்றங்கரையில் ஒரு பொருள், டெக்சாஸில் வேறு பொருள்.

வரம்பை ஒட்டி இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. கணக்கில் எடுப்பது சம்பளக் கடிதத்தில் உள்ள தொகையை அல்ல. வரிக்கு முன்பே பிடிக்கப்படும் காப்பீட்டு பிரீமியமும் 401(கே) ஓய்வூதியச் சேமிப்பும் கழிந்த பிறகு மிஞ்சும் வருமானத்தைத்தான். டெக்சாஸில் 69,000 வாங்குபவர் ஓய்வூதியக் கணக்கில் 4,000 போட்டால் 65,000 ஆகி உள்ளே வந்துவிட வாய்ப்புண்டு. இது முழுக்கச் சட்டப்படியான வழி. யாரும் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான்.

விலை எங்கே இருக்கிறது

சராசரிகளைப் பார்ப்போம். கைசர் குடும்ப அறக்கட்டளை வருடந்தோறும் எடுக்கும் நிறுவனக் காப்பீட்டுக் கணக்கெடுப்பின்படி 2024-இல் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 25,572 டாலர். அதில் ஊழியர் கையிலிருந்து போவது 6,296. தனி ஆள் காப்பீட்டுக்கு மொத்தம் 8,951, ஊழியர் பங்கு 1,368. இந்த இரண்டையும் பார்த்ததும் "குழந்தைகளை எடுத்துவிட்டால் ஐயாயிரம் மிச்சம்" என்று மனம் கணக்குப் போடும். அது சரியல்ல. குடும்பக் காப்பீட்டுக்குள் மனைவியோ கணவரோ இருக்கிறார். அவர் அரசின் குழந்தைகள் திட்டத்துக்குப் போக முடியாது.

ஆகவே எச்.ஆர். அனுப்பும் அட்டவணையில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று பாருங்கள். சில கம்பெனிகளில் இரண்டே படிகள்: தனி ஆள், குடும்பம். சிலவற்றில் நான்கு: தனி ஆள், ஆளும் துணையும், ஆளும் குழந்தைகளும், முழுக் குடும்பம். ஓர் உதாரணத்துக்கு, மாதப் பிடித்தம் தனி ஆளுக்கு 120 டாலர், துணையோடு 420, முழுக் குடும்பத்துக்கு 690 என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகளின் விலை 690-க்கும் 420-க்கும் உள்ள வித்தியாசமான 270. வருடத்துக்கு 3,240. இந்தப் பிடித்தம் வரிக்கு முன்பே போவதால், 12% வருமான வரியும் 7.65% சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியும் கட்டுபவருக்கு உண்மையான செலவு 2,600 அளவில் நிற்கும். அதே ஆபீஸில் இரண்டு படிகள் மட்டும் இருந்து, துணைக்கும் காப்பீடு வேண்டும் என்றால், 690 கட்டியே ஆக வேண்டும். குழந்தைகளைச் சேர்த்தாலும் அதே தொகைதான், சேர்க்காவிட்டாலும் அதே தொகைதான். அங்கே குழந்தைகளின் பிரீமியம் பூஜ்யம்! இப்படிப்பட்ட ஆபீஸில் இருந்துகொண்டு மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் குழந்தைகளை வெளியே எடுப்பவர்கள் பிரீமியத்தில் ஒரு டாலர்கூட மிச்சம் பிடிப்பதில்லை.

சரி, அந்தப் பக்கத்தின் விலை? சிப்பில் ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் கட்டும் பிரீமியம், கோபே (ஒவ்வொரு வருகைக்கும் கையிலிருந்து கட்டும் தொகை) எல்லாம் சேர்ந்து வருமானத்தின் 5%-ஐத் தாண்டக் கூடாது என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட மிகக் குறைவு. டெக்சாஸில் குடும்பத்துக்கு ஆண்டுச் சேர்க்கைக் கட்டணம் அதிகபட்சம் 50 டாலர். நியூயார்க்கில் வருமானத்துக்கேற்ப குழந்தைக்கு மாதம் 15-இல் தொடங்கி 60 வரை. நியூ ஜெர்சி 2021-இல் பிரீமியத்தையே எடுத்துவிட்டது. தடுப்பூசிக்கும் வழக்கமான குழந்தைப் பரிசோதனைக்கும் எங்கும் கட்டணம் கிடையாது. பல் சிகிச்சை 2009 முதல் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆபீஸில் பல்லுக்குத் தனிக் காப்பீடு, தனிப் பிடித்தம்.

பிரீமியத்தை மட்டும் ஒப்பிடுவதும் போதாது, ஆபீஸ் காப்பீட்டில் டிடக்டிபிள், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை, இருக்கிறதே. தனி ஆள் காப்பீட்டிலேயே சராசரி 1,800 டாலரை ஒட்டி வந்துவிட்டது. குடும்பத்துக்கு இன்னும் கூடுதல். கையை உடைத்துக்கொண்டு எமர்ஜென்சிக்குப் போகும் ஒரு எட்டு வயதுப் பையன் வருடத் தொடக்கத்திலேயே அதில் பெரும் பகுதியைக் காலி செய்துவிடுவான். அரசுத் திட்டத்தில் அதே வருகைக்கு ஒரு சிறு கோபேயோடு முடிந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை காய்ச்சல், ஒரு தடுப்பூசி என்று போகும் குழந்தைக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆஸ்துமாவோ அடிக்கடி காது வலியோ உள்ள குழந்தையின் வீட்டில் பிரீமியத்தைவிட இதுதான் பெரிய தொகை.

யாருக்கு எது

நான்கு படி ஆபீஸ், வருமானம் வரம்புக்குள், குழந்தைகள் ஏற்கெனவே பார்க்கும் டாக்டர் அரசுத் திட்டத்தையும் ஏற்கிறார் என்றால், யோசிக்கவே வேண்டாம், அரசுத் திட்டம்தான். மேலே சொன்ன எடிசன் குடும்பத்துக்கு உதாரணத்தில் உள்ள பிடித்தம்தான் என்றால், வருடம் 2,600 டாலரும் டிடக்டிபிள் கவலையும் மிச்சம்.

சிக்கல் மூன்றாவது நிபந்தனையில்தான். மெடிக்கெய்ட் மருத்துவர்களுக்குத் தரும் தொகை தனியார் காப்பீட்டைவிட மட்டுமல்ல, முதியோருக்கான மெடிகேர் தருவதைவிடவும் பொதுவாகக் குறைவு. அதனால் சில கிளினிக்குகள் புதிதாக அந்த நோயாளிகளைச் சேர்ப்பதில்லை, சில இடங்களில் சிறப்பு மருத்துவருக்குக் காத்திருப்பு நீளும். குழந்தை மருத்துவர்களைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு மோசமில்லை. நாட்டில் பத்தில் நான்கு குழந்தைகள் இந்த இரு திட்டங்களில் இருக்கும்போது அவர்களை மொத்தமாகத் தவிர்க்கும் குழந்தை மருத்துவர் தொழில் நடத்துவது கடினம். பெரிய குழந்தைகள் மருத்துவமனைகளின் வருமானத்தில் மெடிக்கெய்ட் பெரும் பங்கு. ஆகவே "நல்ல டாக்டரே கிடைக்க மாட்டார்" என்பது மிகைப்படுத்தல்தான். ஆனாலும் போன் செய்து கேட்டுவிடுங்கள். "மெடிக்கெய்ட் எடுப்பீர்களா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பெரும்பாலான மாநிலங்கள் இந்தத் திட்டங்களைத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக நடத்துகின்றன. எந்த நிறுவனத்தின் அட்டை என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரவேற்பறையில் சரியான பதில் வரும்.

சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தை உள்ள வீட்டில் கணக்கே வேறு. இதைப் பற்றி நம் குழுக்களில் அதிகம் பேசாததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் அன்றாட வேலைகளுக்கான பயிற்சி என்று வாரத்தில் பல மணிநேரம் தேவைப்படும். இவற்றுக்குக் காப்பீடு தர வேண்டும் என்று பல மாநிலங்கள் சட்டம் போட்டிருக்கின்றன. ஆனால் ஊழியர்களின் மருத்துவச் செலவைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுக்காமல் தானே ஏற்கும் கம்பெனிகளை, எரிசா என்ற 1974-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அந்த மாநில விதிகளிலிருந்து விலக்கிவிடுகிறது. நிறுவனக் காப்பீட்டில் உள்ள ஊழியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இப்படிப்பட்ட திட்டங்களில்தான் இருக்கிறார்கள். பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் அட்டையில் இருக்கும், பணம் போடுவது உங்கள் கம்பெனி. வருடத்துக்கு இத்தனை தெரபிதான் என்ற வரம்பை அங்கேதான் அதிகம் பார்க்கலாம். மெடிக்கெய்டில், 1967 முதல் உள்ள ஒரு விதிப்படி, 21 வயதுக்குட்பட்டவருக்கு மருத்துவரீதியாகத் தேவையான சிகிச்சையை மாநிலம் தந்தே ஆக வேண்டும். எண்ணிக்கை வரம்பு போட்டுக் கைவிரிக்க முடியாது.

மெடிக்கெய்டுக்கும் சிப்புக்கும் இடையிலான முக்கிய வேறுபாடும் இங்கேதான் வருகிறது. மெடிக்கெய்ட் மற்றொரு காப்பீட்டோடு சேர்ந்து இருக்கலாம். முதலில் ஆபீஸ் காப்பீடு பணம் தரும், மிச்சத்தை மெடிக்கெய்ட் ஏற்கும். சிப் அப்படியல்ல, குழந்தை வேறு எந்தக் காப்பீட்டிலும் இருக்கக் கூடாது. ஆபீஸில் வாய்ப்பு இருப்பது தடையல்ல, அதில் சேர்ந்திருப்பதுதான் தடை. கடுமையான குறைபாடு உள்ள குழந்தைகளுக்குப் பெற்றோர் வருமானத்தைக் கணக்கில் எடுக்காத மெடிக்கெய்ட் வழிகளும் பல மாநிலங்களில் உண்டு, காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருந்தாலும். அப்படிப்பட்ட வீட்டில் நான் எதையும் விட மாட்டேன். ஆபீஸ் காப்பீடும் மெடிக்கெய்டும் இரண்டும் இருக்கட்டும் என்பேன்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, ஆபீஸ் பிரீமியத்தை மாநிலமே கட்டுவது. மாநிலத்துக்குச் செலவு குறைவு என்று தோன்றினால், குழந்தையை உங்கள் ஆபீஸ் திட்டத்திலேயே வைத்துக்கொண்டு பிரீமியத்தை அரசு திருப்பித் தரும். ரோட் ஐலண்டில் ரைட் ஷேர், டெக்சாஸில் ஹிப் என்று பெயர்கள். சிப்பைப் புதுப்பித்த 2009-இன் சிப்ரா சட்டத்தின் ஒரு பிரிவுப்படி இதற்கு நிறுவனம் பிரீமியத்தில் குறைந்தது 40% கட்டியிருக்க வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது, காகித வேலை கொஞ்சநஞ்சமல்ல. இந்த வழியில் போகிற குடும்பங்கள் மிகக் குறைவு. ஒரே அட்டை, ஒரே டாக்டர் வேண்டும் என்பவர்கள் மட்டும் முயன்று பார்க்கலாம்.

ஒபாமாகேர் எனப்படும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் அமைத்த சந்தையில், துணைக்குத் தனியாக மானியத்தோடு காப்பீடு வாங்கிக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். 2022 வரை பெரும்பாலும் முடியாது. ஊழியர் தனக்கு மட்டும் கட்டும் தொகை வருமானத்தில் சிறிதாக இருந்தால், முழுக் குடும்பத்துக்கும் ஆபீஸ் காப்பீடு கட்டுப்படியாகும் என்று அரசு வைத்துக்கொண்டது. 690 டாலர் பிடித்தாலும் 120-ஐத்தான் பார்ப்பார்கள்! 2023 முதல் குடும்பத்தொகையைப் பார்க்கிறார்கள். மேலே உள்ள உதாரணத்தில் 8,280 டாலர் என்பது 80,000-இல் பத்து சதவீதத்தைத் தாண்டுகிறது, ஆகவே துணைக்கு மானியத்துக்கு வழி திறக்கும். திறந்தாலும் உள்ளே அதிகம் இருக்காது என்பது வேறு விஷயம். மானியத்தைக் கணக்கிடும்போது முழுக் குடும்ப வருமானத்தில் ஒரு பங்கை நீங்களே கட்டுவீர்கள் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒரே ஒருவருக்கு வாங்கும்போது அந்தப் பங்கே பிரீமியத்தை விழுங்கிவிடலாம். 2021-இல் வந்த கூடுதல் மானியமும் பிறகு 2025 இறுதிவரைதான் நீட்டிக்கப்பட்டது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சிப்புக்குத் தகுதியுள்ள குழந்தைக்குச் சந்தைக் காப்பீட்டில் மானியம் கிடையாது.

வேலை நிலையாக இல்லாதவர்களுக்கு அரசுத் திட்டத்தில் வேறொரு நிம்மதி உண்டு. வேலை போனால் ஆபீஸ் காப்பீடு போகும். கோப்ரா சட்டப்படி தொடரலாம்தான், ஆனால் நிறுவனம் கட்டிய பங்கும் சேர்த்து 102% உங்கள் தலையில். ஏற்கெனவே அரசுத் திட்டத்தில் இருக்கும் குழந்தைக்கு எதுவும் மாறாது. 2024 ஜனவரி முதல், ஒருமுறை சேர்ந்துவிட்டால் நடுவில் வருமானம் ஏறினாலும் 12 மாதம் தொடரும் என்பது நாடு முழுவதற்குமான விதி. இதன் மறுபக்கம், வருடாந்தரப் புதுப்பித்தல். கோவிட் கால விலக்கு முடிந்து 2023 ஏப்ரலில் தொடங்கிய மறுபரிசீலனையில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் மெடிக்கெய்டிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் தகுதி இல்லை என்று உறுதிசெய்து நீக்கப்பட்டவர்கள் அல்லர். படிவம் போய்ச் சேரவில்லை, பதில் வரவில்லை என்ற காரணங்கள்தான். வீடு மாறினால் முகவரியை மாற்றாமல் இருப்பவர்களுக்கு ஆபீஸ் காப்பீடுதான் பத்திரம் என்று சொல்லத் தோன்றுகிறது.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அரசுத் திட்டம் கூட வராது. பயணக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டியதுதான்.

கிரீன் கார்டு பயத்துக்கு வருவோம். இந்தியக் குடும்பங்கள் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் போவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். அமெரிக்காவில் பிறந்த குழந்தை குடிமகன். அந்தக் குழந்தை பெறும் உதவி பெற்றோரின் விண்ணப்பத்தில் எண்ணப்படுவதில்லை. எச்-4 விசாவில் வந்த குழந்தையையும் 2009 சட்டம் தந்த விருப்பப்படி டெக்சாஸ், நியூ ஜெர்சி உட்படப் பெரும்பாலான மாநிலங்கள் சேர்த்துக்கொள்கின்றன. அரசு உதவியை நம்பி இருப்பார் என்று கருதப்படுபவருக்குக் கிரீன் கார்டை மறுக்கும் "அரசுக்குச் சுமை" விதியை 2020-இல் மெடிக்கெய்டுக்கும் நீட்டினார்கள், 2021-இல் அது நீங்கியது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி சிப்பையும், நீண்டகால விடுதிச் சிகிச்சை தவிர்த்த மெடிக்கெய்டையும் எண்ணக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. 2025 நவம்பரில் அந்த விதியை விலக்க உள்துறைப் பாதுகாப்புத் துறை முன்மொழிந்தது. ஆகவே கிரீன் கார்டு விண்ணப்பம் நெருங்கிவிட்ட, வெளிநாட்டில் பிறந்த குழந்தை உள்ள வீட்டில், வாட்ஸாப்பில் கேட்காமல் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். குழந்தை அங்கேயே பிறந்திருந்தால் பயத்தை விட்டுவிடலாம்.

நிறுவனங்கள் என்ன செய்தன

"நம்மைப் போன்றவர்கள் ஆபீஸ் காப்பீட்டை விட்டு அரசுத் திட்டத்துக்குப் போனால் நிறுவனங்கள் கையைக் கழுவிவிடாதா?" இது நியாயமான கேள்வி. 1996-இல் டேவிட் கட்லரும் ஜோனதன் குரூபரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் எழுப்பியது. 1987 முதல் 1992 வரை கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மெடிக்கெய்ட் விரிந்தபோது, புதிதாகக் கூடிய அரசுக் காப்பீட்டில் ஏறக்குறைய பாதி அளவுக்குத் தனியார் காப்பீடு குறைந்தது என்றார்கள் அவர்கள். நிறுவனங்கள் காப்பீட்டை மூடிவிட்டதால் அல்ல. ஊழியர்கள்தான் எடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்; நிறுவனங்கள் தம் பங்கைக் குறைத்து அவர்களை அந்தப் பக்கம் தள்ளியிருக்கலாம் என்றும் எழுதினார்கள்.

சிப் வந்த பிறகு காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் 2007-இல் சொன்ன கணக்கு, நூறு குழந்தைகள் சிப்பால் காப்பீடு பெற்றால் தனியார் காப்பீட்டில் 25 முதல் 50 குறையும் என்பது. பின்னால் சேர்ந்த குடும்பங்களை நேரடியாகக் கேட்டு எடுத்த மத்திய அரசின் மதிப்பீட்டில், ஆபீஸ் காப்பீடு கையில் இருந்தும் அதை விட்டுவிட்டு வந்தவர்கள் 4% அளவே இருக்கலாம் என்றார்கள். பாதி எங்கே, நான்கு எங்கே? இரண்டும் வேறு வேறு ஆட்களை எண்ணுகின்றன என்று நினைக்கிறேன். பிறந்த கையோடு அரசுத் திட்டத்தில் சேர்ந்த குழந்தை எந்த ஆபீஸ் காப்பீட்டையும் "விடவில்லை". திட்டமே இல்லாதிருந்தால் அப்பா குடும்பப் படியை எடுத்திருப்பாரா என்பது நேர்காணலில் தெரியாது. நாடு தழுவிய புள்ளிவிவரத்தில் தெரியும். ஆனால் அங்கே வேலைச் சந்தை தானாகவே மாறியதும் சேர்ந்து தெரிந்துவிடும். உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது.

அரசியலில் இந்த எண்கள் ஆயுதமாயின. 2007-இல் ஜார்ஜ் புஷ் சிப் விரிவாக்க மசோதாவை இரண்டு முறை மறுத்து அனுப்பினார். தனியார் காப்பீட்டில் இருப்பவர்களை அரசுக் காப்பீட்டுக்கு இழுக்கிறது என்பது அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று அவருடைய நிர்வாகத்திலிருந்து மாநிலங்களுக்குப் போன கடிதம் இன்னும் விசித்திரம். வறுமைக்கோட்டின் இரண்டரை மடங்குக்கு மேல் போக விரும்பும் மாநிலம், குழந்தைகளை ஓராண்டு காப்பீடு இல்லாமல் காத்திருக்கவைக்க வேண்டும், தன் எல்லைக்குள் நிறுவனங்கள் தரும் குழந்தைக் காப்பீடு பெரிதாகக் குறையவில்லை என்றும் காட்ட வேண்டும் என்றது. கம்பெனி முதலாளி என்ன செய்கிறார் என்பதற்கு மாநிலம் பொறுப்பு! ஒபாமா 2009 பிப்ரவரி 4 அன்று அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். காத்திருப்பு வழக்கம் மட்டும் பல மாநிலங்களில் நீடித்தது, அதிகபட்சம் 90 நாள் என்ற வரம்போடு. 2024-இல் மத்திய விதி அதையும் நீக்கச் சொன்னது. மாற்றம் உங்கள் மாநிலத்தில் வந்துவிட்டதா என்பதை விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனங்கள் குடும்பக் காப்பீட்டை ஏன் அடியோடு நிறுத்தவில்லை? மேலாளருக்கும் இன்ஜினியருக்கும் அது வேண்டும். அவர்கள் வருமானத்துக்கு அரசுத் திட்டம் கிடையாது. அவர்களுக்கு வரிச் சலுகையும் பெரிது. ஆகவே கதவை மூடாமல் கட்டணத்தை ஏற்றுகிறார்கள். ஒபாமாகேர் சட்டமும் ஒரு வகையில் இதற்கு வழிவிடுகிறது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியர் உள்ள நிறுவனம் 26 வயதுவரை குழந்தைகளுக்குக் காப்பீட்டை வழங்க வேண்டும், ஆனால் கட்டுப்படியாகும் விலை என்ற நிபந்தனை ஊழியருக்கு மட்டும்தான். குழந்தைகளுக்கான முழு பிரீமியத்தையும் ஊழியர் தலையில் வைத்தாலும் அபராதம் இல்லை. சிறு நிறுவனங்களில் குடும்ப பிரீமியத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊழியர் கட்டுகிறார், பெரியவற்றில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு கடையிலோ கிடங்கிலோ பாதிப் பேர் குழந்தைகளை மாநிலத் திட்டத்தில் வைத்திருந்தால், அந்தப் படிக்கான தன் பங்கை முதலாளி உயர்த்த என்ன அவசியம்?

இதில் அடிபடுவது வரம்பைச் சற்றே தாண்டிய சக ஊழியர். அவருக்கு அரசுத் திட்டம் கிடையாது, ஆபீஸ் படியோ எட்டாத உயரத்தில். இந்தப் பழியை அரசுத் திட்டத்தில் சேர்ந்த குடும்பத்தின் மேல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. காப்பீடே இல்லாத குழந்தைகள் சிப் வந்த காலத்தில் ஏழில் ஒருவர் இருந்தார்கள். 2016 வாக்கில் இருபதில் ஒருவராகக் குறைந்தார்கள். அதற்காகக் கொஞ்சம் தனியார் காப்பீடு கரைந்தது என்றால், அது கொடுக்கத்தக்க விலைதான் என்பது என் கருத்து. ஆனால் நீங்கள் வேண்டாம் என்று விட்ட நிறுவனப் பங்கு சம்பளத்தில் சேர்ந்து வராது என்பதும் உண்மை. அது கம்பெனிக்கு மிச்சம். சம்பள உயர்வு பேசும்போது, "குழந்தைகளுக்கான காப்பீட்டை நான் எடுக்கவில்லை" என்று சொல்லிப் பார்ப்பதில் தவறில்லை. சில கம்பெனிகள் காப்பீட்டை எடுக்காதவர்களுக்கு ஒரு தொகை தருகின்றன. பெரும்பாலும் ஊழியர் தானும் விலகினால்தான் அது கிடைக்கும்.

மாறுவது என்று முடிவெடுத்தால் வரிசை முக்கியம். முதலில் மாநிலத்தில் விண்ணப்பம், அதற்கு ஆண்டு முழுவதும் கதவு திறந்திருக்கும். ஆனால் வரிக்கு முன் பிடித்தத்தை ஆண்டு நடுவில் நினைத்தபடி நிறுத்த முடியாது. குழந்தைக்கு மெடிக்கெய்ட் கிடைத்தால் நிறுத்த விதி இடம் தருகிறது. சிப் கிடைத்தால் அப்படி எளிதாக இடமில்லை, அதனால் ஓபன் என்ரோல்மென்ட் நேரத்தில் மாறுவதுதான் சுலபம். விண்ணப்பத்தில் இப்போதைய காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்று எழுதுங்கள், கையில் அனுமதிக் கடிதம் வருமுன் ஆபீஸ் படிவத்தில் குழந்தைகளின் பெயரை எடுக்காதீர்கள். எச்.எஸ்.ஏ. எனப்படும் வரியில்லா மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: தனி ஆள் படிக்கு இறங்கினால் 2025-இல் போடக்கூடிய வரம்பு 8,550-இலிருந்து 4,300 ஆகிவிடும், ஆனால் அந்தப் பணத்தைக் குழந்தைகளின் கோபேக்குச் செலவழிக்கத் தடையில்லை. பின்னால் எப்போதாவது அரசுத் திட்டம் நின்றுபோனால் ஆபீஸ் காப்பீட்டில் திரும்பச் சேர 60 நாள் அவகாசம் உண்டு. மற்ற காப்பீடுகள் போனால் கிடைப்பது 30 நாள்தான், எச்.ஆரில் பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்து 30 என்றே சொல்வார்கள். 2009-இன் சிப்ரா சட்டத்தின் பெயரைச் சொல்லி 60 என்று கேட்டு வாங்குங்கள்.